திரும்பி வருவதற்கான பேட்டரி

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எலெக்ட்ரிக் சைக்கிளை ஓட்டிப் பார்ப்பார்கள். அவர் முதலில் தூக்கிப் பார்த்தார்.

ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை சீட்டுக்கு அடியில். மூச்சை இழுத்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். பிறகு அடுத்த வண்டிக்குப் போனார். காட்டன் சுடிதார், தோளில் ஒரு பை, காலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போடுகிற வெள்ளை ஷூ. நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைப் பாதையில் ஓட்டுகிற எலெக்ட்ரிக் சைக்கிள்கள் அன்று கடையில் ஐந்து நின்றன. ஐந்தையும் தூக்கினார்.

நான் இந்தியில்தான் பேச ஆரம்பித்தேன். என் இந்தியைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார்.

“மேடம், ஒவ்வொண்ணும் இருபத்து மூணு கிலோ இருக்கும். தூக்க வேண்டிய அவசியமே வராது. மோட்டர் இருக்குல்லா,” என்றேன்.

“மோட்டர் நின்னுடுத்துன்னா?”

எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்பார்கள், எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள், தவணை உண்டா என்று கேட்பார்கள். மோட்டர் நின்றால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

செம்பூரில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் கடை. முதலாளி தென்காசிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பை தைத்து விற்றவர், பிறகு இங்கே சைக்கிள் கடை போட்டார். எல்லாரும் பாய் என்போம். நான் தாராவியில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தேன். சைக்கிளைப் பற்றி யாராவது கேட்டால் பேசுவேன். மற்றபடி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை.

அவர் எட்டு சனிக்கிழமைகள் வந்தார். கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி ஒரு மேம்பாலத்தின் சரிவு இருக்கிறது. அங்கேதான் வண்டியை ஓட்டிப் பார்க்க விடுவோம். மற்றவர்கள் மோட்டரை ஐந்தாம் நிலையில் வைத்து, கால் வலிக்காமல் ஏறி, மேலே போய்ச் சிரிப்பார்கள். இவர் மோட்டரை அணைத்துவிட்டு மிதித்தார். பாதிச் சரிவில் இறங்கினார். கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு சின்ன நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே எழுதுவார்.

பின் சக்கரத்தில் மோட்டர் வைத்த வண்டிகளை வேண்டாம் என்றுவிட்டார். “ஆஃப் பண்ணினா பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு,” என்றார். கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமலே ஓடுகிற வண்டி ஒன்று இருந்தது. அதில் ஏறவே இல்லை. எட்டாவது சனிக்கிழமை சாம்பல் நிற வண்டியில் கை வைத்தார். பெடலுக்கு நடுவில் மோட்டர் உள்ள வண்டி அது. மிதித்தால்தான் மோட்டர் கூட வரும். அகலமான டயர், முன்னால் குண்டு குழியைத் தாங்குகிற ஃபோர்க்.

“ஆஃப் பண்ணினா இது சும்மா இருக்கு. ஒரு தொந்தரவும் பண்றதில்லை,” என்றார்.

பாய் என்னைக் காட்டினார். “எங்க கடையில இன்னொண்ணும் அப்படி இருக்கும்மா. ஆன் பண்றது எப்படின்னுதான் எங்களுக்கு இன்னும் தெரியல.”

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “அவர் எட்டு வாரம் என் கூட அந்த மேட்டுல நடந்தார் பாய்,” என்றார்.

அன்று முழுவதும் நான் உள்ளே செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். போட வேண்டிய அவசியம் இல்லாத செயின்களுக்கும் போட்டேன்.

அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துக்காரர். செம்பூரில் மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தார். வாஷியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இதெல்லாம் பாய் விசாரித்துத் தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னவை. “கல்யாணம் பண்ணிக்கலையாம்,” என்று கடைசியில் சொன்னார். எதற்கு என்னிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வண்டி வாங்கிய வாரமே ஒரு சிக்கல் வந்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடித்ததாம். அவருடைய ஹவுசிங் சொசைட்டிக்காரர்கள், கட்டடத்துக்குள் எந்த பேட்டரியும் சார்ஜ் போடக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். வண்டியை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம், பேட்டரி மட்டும் உள்ளே வரக்கூடாது. அவர் பேட்டரியைக் கழற்றித் துணிப் பையில் போட்டுக் கடைக்கு வந்தார்.

“இங்கே வெச்சுக்க முடியுமா?”

“வைக்கலாம் மேடம்,” என்றேன். பாயைக் கேட்கவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவருடைய பேட்டரி வாரம் முழுவதும் எங்கள் அலமாரியில் இருக்கும். ஓட்டாமல் வைக்கிற பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். காலியாக விட்டாலும் கெடும், முழுசாக ஏற்றி வைத்தாலும் கெடும். ஓட்டப் போகிற நாளுக்கு முந்தின நாள்தான் முழுசாக ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நான் அதைச் சார்ஜில் போடுவேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் வண்டியோடு வருவார். நானே ஷட்டரைத் திறந்து கொடுப்பேன். ஞாயிறு கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். தாராவியிலிருந்து ஆறு மணிக்கு நான் ஏன் வந்து நிற்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

பேட்டரியின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, தேதியும் சார்ஜும் எழுதி வைப்பேன். வாரத்தில் ‘பாதி’ என்று இருக்கும். சனிக்கிழமை அதை உரித்துவிட்டு ‘முழுசு’ என்று எழுதி ஒட்டுவேன். தமிழில்தான் எழுதுவேன், எனக்கு எழுத வருவது அதுதான். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மா வீட்டில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாராம், அதோடு சரி. ஒவ்வொரு ஞாயிறும் அந்த டேப்பை விரலால் தொட்டு, “மு… ழு… சு” என்று எழுத்துக் கூட்டிப் படிப்பார். என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்தும் படிப்பார். முடித்துவிட்டு, “சரி” என்பார். நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்து எதுவரை போனேன் என்று சொல்வார். முதல் மாதம் மான்குர்த் வரை. பிறகு வாஷி பாலத்தின் தொடக்கம் வரை. பிறகு பாலத்தின் நடு வரை. போகும்போது மோட்டர் போடவே மாட்டார். கால் சொல்கிற இடம் வரை மிதித்துப் போவார், அங்கேயே திரும்புவார். மோட்டர் திரும்பி வருவதற்கு மட்டும்தான்.

பாயால் இதைத் தாங்க முடியவில்லை. “இவ்வளவு கொடுத்து மோட்டர் வண்டி வாங்கிட்டு மிதிச்சிட்டுப் போறீங்களேம்மா. இதுக்கு சாதா சைக்கிள் போதுமே?”

“சாதா சைக்கிள்னா நான் பாலத்துப் பக்கமே போக மாட்டேன் பாய். திரும்பி வர வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கால் முன்னாடி போறது.”

எதிலும் அப்படித்தான் இருந்தார். ஒரு நாள் மாட்டுங்காவுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார். பையிலிருந்து பர்ஸை எடுக்கும்போது ரிட்டர்ன் டிக்கெட் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மொபைலிலேயே எடுக்கலாமே மேடம் என்றேன். மொபைல் அணைந்துபோனால் என்ன செய்வது என்றார். கையில் எப்போதும் இரண்டு சாப்பாட்டு டப்பா கொண்டுபோவார், ஒன்று மத்தியானத்துக்கு, இன்னொன்று ரயில்கள் ஓடாமல் எங்காவது மாட்டிக்கொண்டால். பெரும்பாலும் அந்த இரண்டாவது டப்பா எங்களுக்கு வரும். எலுமிச்சம்பழ சாதம், சில நாள் புளிசேரி என்கிற மோர்க்குழம்பு ஊற்றிய சாதம். பாய்க்குப் புளிசேரி பிடிக்காது. முழுவதும் எனக்குத்தான்.

“என்னிக்காவது மாட்டிண்டிருக்கீங்களா?” என்று ஒரு நாள் அவர் பேசுகிற மாதிரியே கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டவில்லை. கொஞ்சம் யோசித்தார். “போறதுக்கு எல்லாரும் கூட வருவா. திரும்பறச்சே பார்த்தா நான் மட்டும் இருப்பேன். ரெண்டு மூணு தடவை அப்படி ஆயிடுத்து.” டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

ஒரு முறை சரிவில் பிரேக் சோதித்துப் பார்க்கும்போது நான் விழுந்தேன். ஹேண்டில்பார் விலாவில் குத்தியது. இரண்டு நாளாகியும் வலி போகவில்லை. அவர்தான், “நாளைக்கு வாங்கோ, எடுத்துப் பார்த்துடலாம்” என்றார். வாஷிக்குப் போனேன். அறை குளிர்ந்து கிடந்தது. சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே தட்டில் நெஞ்சை வைத்து நின்றேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் போனார். அங்கிருந்து அவர் குரல் வேறு மாதிரி வந்தது, ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிற குரல்.

“மூச்சை நன்னா இழுத்துப் பிடிங்கோ.”

பிடித்தேன்.

“விடலாம்.”

நான் விடவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டேன். அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“விடலாம்னு சொன்னேனே. கேக்கலையா?”

“கேட்டுச்சி மேடம்.”

“எல்லாரும் சொல்றதுக்கு முன்னாடியே விட்டுடுவா. சொல்லியும் விடாத ஆளை இப்பத்தான் பார்க்கறேன்.”

எலும்பு ஒன்றும் உடையவில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டதும், வராந்தாவின் கோடியில் ஒரு ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். சான்பாடா கட்டடங்களுக்கு மேலே, தொலைவில், ஒரு மலை தெரிந்தது. மழை முடிந்த மாதம், பச்சையாக இருந்தது.

“எட்டு வருஷமா டப்பா சாப்பிடறச்சே இதைத்தான் பார்க்கறேன். ஒரு நாள் அங்கே போய் நின்னுண்டு இந்த ஜன்னலைப் பார்க்கணும்.”

“இதுக்காகத்தான் வண்டி வாங்கினீங்களா?”

“பின்னே? மேல தார் ரோடு இல்லையாம். பாதிக்கு மேல கல்லும் மண்ணும்தானாம்.” கொஞ்சம் கழித்து, “நீங்களும் ஒரு நாள் வாங்கோ,” என்றார்.

வருகிறேன் என்று சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவும் நானாகச் சொல்லவில்லை. அதற்குள் அவர் பாலத்தைத் தாண்டி, வாஷி, சான்பாடா, நெரூல் என்று மலையின் அடிவாரம் வரை போய்த் திரும்பியிருந்தார். மார்ச் மாதம் ஒரு ஞாயிறு வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“பாலக்காட்டுல அக்காவுக்கு உடம்பு முடியலை. நான்தான் போய் இருக்கணும். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரில வேலைக்கு ஏற்பாடு பண்ணிண்டுட்டேன். இன்னும் ரெண்டு வாரம்.”

பாய், “அப்போ திரும்பி வர மாட்டீங்களாம்மா?” என்றார்.

“தெரியலை பாய்.” பிறகு என்னிடம் திரும்பினார். “அடுத்த ஞாயித்துக்கிழமை மலைக்கு மேல வரைக்கும் போயிடணும். வரேளா?”

நான் தலையை ஆட்டினேன். பாய், “டெமோ வண்டிய எடுத்துட்டுப் போ,” என்றார். அவர் வண்டியும் டெமோ வண்டியும் ஒரே மாடல், நிறம்தான் வேறு.

அந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். மலை உச்சியில் நின்று சொல்ல வேண்டிய வாக்கியம். நானும் பாலக்காட்டுக்கு வரட்டுமா, உங்களுக்குச் சம்மதம் என்றால் உங்களோடேயே இருக்கிறேன். அவ்வளவுதான். அவர் மாட்டுங்கா, நான் தாராவி. அவர் படித்த படிப்பு என்ன, என் படிப்பு என்ன. எல்லாம் எனக்குத் தெரியும். அவர் முடியாது என்றாலும் பரவாயில்லை, கேட்காமல் அனுப்பக்கூடாது என்று இருந்தது. ரயிலில், தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டு நின்றபடி, அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பேட்டரியை ஏற்றி முடித்து, ‘முழுசு’ என்று எழுதி ஒட்டினேன். டெமோ வண்டியின் பேட்டரி அன்று வந்தவர்களெல்லாம் ஓட்டிப் பார்த்ததில் இறங்கியிருந்தது. கடை மூடும்போது அதைச் சார்ஜில் மாட்டினேன். பாய் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தார். ஷட்டரை இழுத்து மூடியது என் கைதான். ஷட்டர் மூடுவதற்கு முன் மெயினை அணைப்பது அந்தக் கடையில் தினமும் நடக்கிற காரியம். அதனால்தான் அவர் பேட்டரியை எப்போதும் மத்தியானமே போடுவேன். அன்று என் மனதில் அந்த வாக்கியம் மட்டும்தான் இருந்தது.

காலையில் பார்த்தால் திரையில் சார்ஜ் ஐந்து கட்டத்தில் மூன்று காட்டியது. போதும் என்று நினைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்வேன், கட்டத்தை நம்பாதீர்கள், மேடு ஏறும்போது சட்டென்று இறங்கும் என்று. அத்தனை வண்டி விற்றிருக்கிறேன், ஆனால் மேம்பாலச் சரிவைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டியதில்லை.

பாலத்தில் கடல் காற்று எதிரே அடித்தது. அவர் மோட்டர் போடாமல், அவசரப்படாமல், ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனார். நானும் போடக்கூடாது என்றுதான் நினைத்தேன். பாலத்தின் நடுவிலேயே கால் நடுங்க ஆரம்பித்தது. மூன்றாம் நிலையில் போட்டேன். மலை அடிவாரத்தில் ஐந்தாம் நிலை. தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பித்தது. கல்லில் டயர் ஏறி இறங்கும்போது விலாவில் பழைய வலி தெரிந்தது. ஓடை மேல் கட்டிய ஒரு சின்னக் கல்வெர்ட் தாண்டியதும் திரை அணைந்தது. என் காலுக்குப் பெடல் இரும்பாகிவிட்டது. காலை ஊன்றி நின்றுவிட்டேன்.

மேலே ஒரு வளைவில் அவர் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“என்னாச்சு?”

“சார்ஜ் போயிருச்சி மேடம்.”

“ஏத்தலையா?”

“ஏத்தத்தான் போட்டேன். பாய் மெயின ஆஃப் பண்ணிட்டாங்க.”

“தினமும் பண்றதுதானே?”

“ஆமா.”

அவர் சிரித்தார். வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “என் பேட்டரிக்கு மட்டும் லேபிள் ஒட்டத் தெரியறது,” என்றார்.

சிரித்துக்கொண்டே பையிலிருந்து சாவியை எடுத்து, தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றினார். ஐந்து கட்டமும் அப்படியே இருந்தது. ‘முழுசு’ என்ற டேப் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்கோ. உங்க வண்டில போடுங்கோ.”

“வேண்டாம் மேடம். அது நீங்க திரும்பி வர்றதுக்கு வச்சது.”

“தெரியும். போடுங்கோ, மேல போலாம்.”

வாங்கிக்கொண்டேன். வண்டியில் போடவில்லை. ஒரு வருடமாக அவர் ஏறுவதற்கு ஒரு கட்டம் கூடச் செலவழித்ததில்லை. அதை நான் ஏறிச் செலவழிப்பதா என்று இருந்தது. கடைக்காரன் நானே பாதி வழியில் நின்றுவிட்டேன் என்ற வெட்கமும் இருந்தது. “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்,” என்றேன்.

“நிஜமாவா?”

“ஆமா மேடம்.”

கொஞ்ச நேரம் நின்றார். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வண்டியில் ஏறினார். பேட்டரி இல்லாத அந்த வண்டி, வெறும் இரும்பு. அதை மிதித்துக்கொண்டு வளைவில் மறைந்தார். நான் கல்வெர்ட் சுவரில் அவர் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது, முழங்காலில் மண்.

“தெரிஞ்சுதா மேடம்?”

“தெரிஞ்சுது. வராந்தா கோடி ஜன்னல். வெயில் பட்டுப் பளபளன்னு இருந்தது.” தண்ணீர் குடித்தார். “நீங்க வந்திருக்கலாம்.”

பேட்டரியை நீட்டினேன். என் காலைப் பார்த்துவிட்டு, “உங்களால மிதிக்க முடியாது. போட்டுக்கோங்கோ,” என்றார். அது உண்மைதான். செம்பூர் வரைக்கும் அவர் பேட்டரியில் நான் வந்தேன். அவர் மிதித்து வந்தார். பாலத்தில் அவருக்கு முன்னால் போக மனமில்லாமல், மோட்டரை முதல் நிலையில் வைத்துப் பின்னாலேயே வந்தேன். பக்கத்துப் பாலத்தில் ஹார்பர் லைன் ரயில் இரண்டு தடவை தாண்டிப் போயிற்று. வாக்கியம் வாயில்தான் இருந்தது. உச்சியில் சொல்வதற்கென்று தயார் செய்ததை ஒரு முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் திரும்பி வருவதற்கென்று வைத்திருந்ததை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அதை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் புரிந்தது.

அன்று சாயங்காலம் துணிப் பையோடு கடைக்கு வந்தார். காலையில் கடையிலிருந்து எடுத்துப்போன பேட்டரி அதில் இருந்தது. வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிட்டாராம். பேட்டரியை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்களாம்.

“அதுக்கென்னம்மா, லாரி ஆபீஸ்ல போட்டு விடலாம். நாலு நாள்ல வந்துரும்,” என்றார் பாய்.

“வேண்டாம் பாய். இங்கேயே இருக்கட்டும்.” பேட்டரியை என் மேஜை மேல் வைத்தார். “யாராவது அந்தப் பக்கம் வரச்சே கொண்டு வந்தாப் போதும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் டேப்பை உரித்துக்கொண்டிருந்தேன்.

“அதுவரைக்கும் திரும்பி வர்றதுக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். என்னால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

“கிட்டக்கயே சுத்திண்டிருக்கேன்,” என்றார்.

அவர் போன பிறகு பாய் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “ஏலே, நீ மனுசனா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருடம் ஆகிறது. பேட்டரி அதே அலமாரியில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாதி வரை ஏற்றி, புதுத் தேதி போட்டு ‘பாதி’ என்று எழுதி ஒட்டுவேன். லாரியில் அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிட்டால் கொண்டுபோவதற்கு ஒன்றும் இருக்காது என்பதால் அனுப்பவில்லை. ஆனால் கொண்டுபோகவும் இல்லை. தீபாவளிக்குப் பிறகு போகலாம், மழை விடட்டும், அண்ணன் மகள் கல்யாணம் முடியட்டும். இப்படியே.

முதல் வருடம் மூன்று தடவை கடை எண்ணுக்குப் போன் செய்தார். “பேட்டரி உயிரோட இருக்கா?” என்பார். “இருக்கு மேடம்” என்பேன். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். எதுவரை ஓட்டுகிறீர்கள் என்று கேட்பேன். “கோயில் குளம் வரைக்கும். பள்ளிக்கூடம் வரைக்கும்,” என்பார். இரண்டாவது வருடம் ஒரு தடவை. கடைசியாகப் பேசியது போன வருடம் ஆடியில். அக்கா போய்விட்டதைச் சொன்னார்.

“இங்கேயும் ஒரு மலை இருக்கு. மாடிலேர்ந்து தெரியறது,” என்றார்.

“போனீங்களா?”

“இல்லை. திரும்பி வரணுமே.”

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் இடித்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தக் குரல் வந்தது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருகிற குரல்.

“மூச்சை விடலாம்.”

விட்டேன். வெறும் மூச்சுதான் வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். “சரி, வெச்சுடறேன்,” என்றார். அதற்குப் பிறகு போன் இல்லை.

போன வாரம் ஒரு சந்தேகம் வந்து அந்த பேட்டரியை டெமோ வண்டியில் மாட்டி மேம்பாலத்தில் ஏறினேன். பாலம் முடிவதற்குள் இரண்டு கட்டம் போய்விட்டது. பாதியில் வைத்தாலும், பத்திரமாக வைத்தாலும், ஓட்டவே ஓட்டாவிட்டாலும், பேட்டரி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் குறையும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதுதான் இது. பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில், அவர் இறங்கித் தள்ளிப் பார்த்த அதே இடத்தில், கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைக்கு வந்து பாயிடம், “கோயம்புத்தூர் பக்கம் போற உங்க லாரிக்காரர் எப்போ கிளம்புவார்?” என்று கேட்டேன்.

“நாளைக்கு மத்தியானம். ஏன், இப்பவாவது அனுப்பப் போறியா?”

“அனுப்பல பாய். கேபின்ல ஒரு இடம் கிடைக்குமா?”

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “எத்தனை நாள் லீவு?”

“தெரியல பாய்.”

“போன் பண்ணிச் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“நல்லது. போன்ல நீ பேசின லட்சணம் போதும்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “நான் சொல்லி வைக்கேன். பேட்டரிய பாதி சார்ஜ்ல வச்சுக் கொண்டு போ. அதான் பத்திரம்.”

அவர் சொன்னது சரிதான். தூரத்துக்குக் கொண்டுபோகிற பேட்டரியைப் பாதியில்தான் வைக்க வேண்டும். ஆனால் இன்று மத்தியானம் அதைச் சார்ஜில் போட்டேன். பாய் பார்த்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பச்சை விளக்கு வந்ததும் பழைய டேப்பை உரித்தேன். மூன்று வருடமாகச் சேர்ந்த பசை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. புது டேப் ஒட்டி, ‘முழுசு’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதினேன்.

அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நேரமாகும். ஆகட்டும், நான் நிற்பேன்.